அபாபீலின் ஏழைச் சொந்தம்

எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஒரு குருவிக்கூட்டுக்காக இத்தனை வருடமாகக் கொதிப்பவனை மருதமுனை முழுக்கத் தேடினாலும் என்னைத் தவிர ஒருவனும் அகப்படமாட்டான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மழைக்காலத்தோடு வடக்கேயிருந்து வரும் தகைவிலான் குருவிகள் எங்கள் தறிக்கொட்டிலுக்கு மேலே போன கரண்ட் கம்பியில் வரிசையாகக் குந்தும். செம்பழுப்புத் தொண்டை, வெள்ளை வயிறு, கத்தரிக்கோல் வால். கீழே வெயிலில் சாரன் நெய்ய நான் இழுத்துக் கட்டிய பாவு நூலைக் கண்டால்தான் அவற்றுக்கு வயிறு இளகும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கல்லெடுத்தேன். என் மனைவியின் அண்ணன் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

“மச்சான், அது அபாபீல்! குர்ஆன்ல வாற, யானைப் படைக்கே கல்லெறிஞ்ச குருவி. அதுக்கா நீ கல்லெறியப் போறாய்?”

“யானைய விட்டுப்போட்டு இப்ப என்ட சாரனுக்கு எறியுதே!”

“அல்லாஹ்வுக்குப் பயந்து கதை. கல்லக் கீழ போடு.”

போட்டேன். என் காலிலேயே விழுந்தது.

அந்தக் குருவிக்கு உள்ளூரில் ஒரு சொந்தம் உண்டு. தொண்டையிலிருந்து வயிறு வரை ஒரே செம்பழுப்பு. வருடம் முழுக்க இங்கேயே கிடக்கும். ஒரு சோடி என் கொட்டில் முகட்டில் சேற்று உருண்டைகளை ஒட்டிச் சுரைக்குடுவை போலக் கூடு கட்டியிருந்தது. உள்ளே குஞ்சுகள். தறிச் சத்தம் கேட்டால் கீச்சிடும். என் நெசவைப் புகழ்ந்த ஒரே சபை அதுதான்.

நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம் மச்சான் கொட்டிலுக்கு வெள்ளையடிக்க வந்தார். சுவரை முடித்த கையோடு, ஏணியில் நின்றபடியே துடைப்பத்தால் முகட்டில் ஒரு தட்டு. கூடு விழுந்து நொறுங்கியது. மூன்று குஞ்சுகள். ஒன்றும் பிழைக்கவில்லை.

“என்ன வேல மச்சான் செஞ்ச நீங்க! இதுவும் அபாபீல்ட சொந்தம்தானே!”

“இதா? இது இஞ்ச கிடக்கிற மண்குருவி. பெருநாளைக்குக் கொட்டில் துப்புரவா இரிக்க வேணாமா?”

வெளியே கம்பியில் விருந்தாளிகள் ஊர் திரும்ப இறகு கோதிக்கொண்டிருந்தன. இன்னும் சில நாளில் போய்விடும். வந்து போகிறதற்கு மரியாதை. இங்கேயே பிறந்து இங்கேயே குஞ்சு பொரிக்கிறதற்குத் துடைப்பம்! இது என்ன நியாயம் என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.

மனைவி உடைந்த மண்ணை அள்ளியபடி கேட்டாள்: “அவர் ஏணியில நிக்கக்குள்ள நீங்க எங்க நிண்ட?”

கீழேதான். ஏணியைப் பிடித்துக்கொண்டு. சுண்ணாம்பு சொட்டும் என்று இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு.