அவன் கேட்ட தண்ணீர்

மாதனூரில் பஞ்சாயத்து கூடி, துரும்பு கிள்ளிப் போட்டு என்னையும் என் புருஷனையும் தீர்த்துவிட்டபோது, வீடு அவனுக்கு, எருமை எனக்கு என்று முடிவானது. எங்கள் ஜனத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தீர்த்துவிட்டவள் கையால் அவன் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டால் தீர்ப்பு செல்லாது. மறுபடியும் புருஷன் பெண்டாட்டிதான்.

ஒரு சித்திரை மத்தியானம், ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பின் சுண்ணாம்பு நாற்றத்தோடு என் வாசலில் வந்து நின்றான். கூடவே அவனுடைய சித்தப்பன்.

"எருமைய அவுத்து வுடு. அது என்னுது."

"பஞ்சாயத்துல போய்க் கேளு," என்றேன்.

கத்துவான் என்று நினைத்தேன். அவனோ குரலைத் தாழ்த்தி, "தாகமா கீது. ஒரு சொம்பு தண்ணி குடு," என்றான். சித்தப்பன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். சாட்சிக்கு வந்தவன்! நான் கொடுத்திருந்தால், எருமையோடு நானும் அவன் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியதுதான்.

குடத்தைத் தூக்கி வந்து, அவன் கண்ணெதிரே எருமையின் தொட்டியில் கவிழ்த்தேன்.

"தாகம் ஜாஸ்தின்னா இதுல குனிஞ்சி குடி. என் கையால கிடைக்காது."

எருமை மட்டும் குடித்தது.