கம்மல் மட்டும் தெளிவு

அக்காவுக்குக் கம்பெனியில் இன்னும் ஒரு மாதம்தான் பாக்கி இருந்தது. இரண்டு வருட ஒப்பந்தம். முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கோவில்பட்டிக்கு வந்துவிட வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அவளுக்குப் போக விருப்பமில்லை.

அக்கா என்று நான் சொல்வது ஒரகடம் ஹாஸ்டலில் எனக்குக் கீழ்க் கட்டிலில் படுத்தவளை. இருவரும் வண்டிகளுக்கு ஒயர் கட்டும் ஒரே கம்பெனி. அவள் லைனில், நான் தரப் பரிசோதனையில். லைனிலிருந்து வரும் ஒயர்க் கட்டுகளில் குறை இருந்தால், அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கிவைப்பது என் வேலை.

படப்பையில் ஒரு ஸ்டுடியோவின் கண்ணாடியில் 'பெண் போட்டோகிராபர் தேவை' என்று ஒட்டியிருந்ததை ஷேர் ஆட்டோவிலிருந்து பார்த்திருக்கிறாள் அக்கா. உடனே இறங்கி உள்ளே போய்விட்டாள். வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு என்று பெண்கள் கூடும் இடத்தில் எடுக்க ஆள் வேண்டுமாம். "நீ எடுத்த படம் ஒரு இருபது கொண்டாம்மா. மூஞ்சி நல்லா தெரியணும். மாசக் கடைசி ஞாயித்துக்கெழம வா" என்று முதலாளி சொல்லி அனுப்பினார்.

அக்காவிடம் கேமரா இருந்தது. லைன் தோழியின் அண்ணன் பத்து வருடத்துக்கு மேல் வைத்திருந்துவிட்டுக் கைமாற்றிய டி.எஸ்.எல்.ஆர். கைப்பிடி ரப்பர் வெல்லம் தடவியதுபோல் பிசுபிசுத்தது. மூன்று படம் எடுத்தால் நான்காவதற்கு ஸ்கிரீனில் 'எரர்' என்று வந்து நின்றுவிடும்.

"ஏட்டி, நீதான் படிச்சவ. இது என்னத்துக்கு இப்பிடி முழிக்குன்னு பாரு" என்று என் மடியில் வைத்தாள்.

எனக்கு அது போதும். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்துவிட்டு நாள் முழுக்க ஸ்டிக்கர் ஒட்டுகிறவளுக்குத் திறந்து பார்க்க ஏதாவது கிடைத்தால் போதும். நான்கு வீடியோ பார்த்தேன். லென்ஸின் பின்பக்கம் இருந்த பித்தளைப் புள்ளிகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தேன். பிசுபிசுப்பையும் அதே ஸ்பிரிட்டால் எடுத்தேன். லென்ஸை மறுபடி மாட்டியதும் எரர் போய்விட்டது. தொடர்ந்து முப்பது படம் எடுத்துக் காட்டினேன். அறையில் இருந்த ஆறு பேரும் கைதட்டினார்கள். "கேமரா ஓகே. இனிமே உன் கைதான்க்கா" என்றேன்.

அன்றிலிருந்து ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அக்கா படம் எடுப்பாள், போனுக்கு ஏற்றி எனக்கு அனுப்புவாள். நான் வேலையில் செய்வதையே இங்கும் செய்தேன். போனில் படத்தின்மேல் சிவப்பு அம்பு வரைந்து திருப்பி அனுப்பினேன். கண் தெளிவில்லை. இங்கேயும் கண் தெளிவில்லை. மூக்கு மங்கல். கை ஆடுகிறது. மூச்சை அடக்கிக்கொண்டு எடு. முழங்கையை விலாவோடு ஒட்டு. என் குறிப்புகள் எல்லாம் சரியானவை, எந்தப் புத்தகத்திலும் இருப்பவை. முதல் வாரம் அவள் அனுப்பிய எழுபது முகங்களில் ஐந்தைத்தான் பாஸ் செய்தேன்.

"ஒரு மூஞ்சியாவது தேறுதா?" என்பாள்.

"அவசரப்படறக்கா. நின்னு எடு."

"நின்னுதாம்ட்டி எடுக்கேன். பின்ன பறந்தா எடுக்கேன்?"

இரண்டாம் வாரம் அவள் அனுப்பியவை திடீரென்று நன்றாக இருந்தன. செம்பரம்பாக்கம் ஏரிக் கரையில் நடக்கும் ஆட்கள், கடுகு அளவில். பிள்ளைப்பாக்கத்தில் ஒரு வயல், அதற்கு அந்தப் பக்கம் கம்பெனிக் கூரை. ஹாஸ்டல் மொட்டை மாடியில் வரிசையாகக் காயும் யூனிஃபார்ம்கள். எல்லாம் கூர்மை. நான் ஒரு அம்பும் போடவில்லை. "பாத்தியா, கை நின்னுடுச்சு" என்று குரல் செய்தி அனுப்பினேன்.

மூன்றாம் வாரமும் ஏரி, வயல், மாடி. ஒரு மனிதரும் இல்லை.

"ஸ்டுடியோக்காரர் மூஞ்சி கேட்டாரேக்கா?"

"எனக்கு மூஞ்சி வராதுட்டி. ஏரி போட்டோவ கொண்டுபோயி காமிக்கேன். பிடிச்சா எடுத்துக்கிடட்டும், இல்லன்னா ஊருக்கு பஸ் ஏறுதேன்." சொல்லிவிட்டுத் துணி மடிக்கத் தொடங்கினாள். அழுகை எல்லாம் இல்லை. முடிவு செய்துவிட்டவள்போல்தான் இருந்தாள்.

அந்த சனிக்கிழமை மதியம், மறுநாள் காட்டப் போகும் இருபதைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தேன். பாஸ் செய்த ஐந்து முகம் போதாதே என்று பழைய படங்களைத் தோண்டினேன். அறைத் தோழி ஒருத்தி தலை வாரிக்கொண்டிருக்கும் படம். கண்ணில் என் அம்பு. விரலால் பெரிதாக்கிப் பார்த்தபோது அவள் காதுக் கம்மலின் கல் எண்ணும்படி தெளிவாக இருந்தது. பின்சுவரில் ஹாஸ்டல்காரர் ஒட்டிய 'குழாயை மூடவும்' நோட்டீஸைக்கூடத் தட்டுத்தடுமாறிப் படிக்க முடிந்தது. கண் மட்டும் பஞ்சு. அடுத்த படம், அதற்கடுத்தது: கண் மங்கல், காது தெளிவு.

கை ஆடினால் எல்லாம் சேர்ந்துதான் கலங்கும். கம்மல் மட்டும் எப்படித் தப்பும்?

கம்பெனியில் ஒரு விதி உண்டு. எந்த மெஷினைப் பழுதுபார்த்தாலும், அதில் வரும் முதல் பீஸை அளந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் லைனை ஓட விடுவோம். தினமும் அந்தக் கையெழுத்தைப் போடுகிறவள் நான். அன்று கேமரா படம் எடுக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். சரியாக எடுக்கிறதா என்று பார்க்கவில்லை.

ஸ்டீல் ஸ்கேலை வாளியில் சாய்த்துவைத்து, பதினைந்தாவது சென்டிமீட்டரில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன். கேமராவைப் பெட்டிமேல் ஆடாமல் வைத்து, பொட்டுக்கு ஃபோகஸ் பிடித்து, டைமரில் எடுத்தேன். பொட்டு மங்கல். அதற்குப் பின்னால், பதினெட்டில் இருந்த கோடுகள் கத்திபோல் நின்றன. ஐந்து முறை எடுத்தேன். ஐந்து முறையும் பதினெட்டு. கேமரா குறி வைத்த இடத்துக்குக் கொஞ்சம் பின்னால் போய் விழுகிறது. ஏரியைப் போல் தூரத்தில் இருப்பதை எடுக்கும்போது அந்தக் கொஞ்சம் தெரியாது. கிட்டே இருக்கும் முகத்தில் தெரியும்.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஸ்கேலையும் ஸ்கிரீனையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அப்ப என் கை?"

"உன் கைல ஒண்ணும் இல்லக்கா."

"மூணு வாரம் மூச்ச அடக்கிட்டுக் கிடந்தேனே, அது?"

ஸ்கேலிலிருந்து பொட்டை உரித்தேன். கேமராவுக்கு மருந்து எளிதாகவே இருந்தது: கண்ணை ஒட்டிப் பார்க்கும் ஜன்னலை விட்டுவிட்டு, பின்பக்க ஸ்கிரீனில் பார்த்து எடுத்தால் ஃபோகஸ் சரியாக விழுந்தது. ஆனால் கிழட்டு பேட்டரி ஸ்கிரீன் போட்டால் இருபது நிமிடம்தான் தாங்கியது. சார்ஜ் போட்டுப் போட்டு, சாயங்காலத்துக்குள் மாடியில் அறைத் தோழிகளை வைத்துப் பதினோரு முகம் தேற்றினோம். அவற்றில் ஒன்றுகூட அக்காவின் பழைய படங்கள் அளவுக்கு உயிரோடு இல்லை. அதை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை படப்பைக்கு நானும் போனேன். முதலாளி போனில் படங்களை மடமடவென்று தள்ளினார். ஏரியில் நிற்கவில்லை. முகங்களில் கொஞ்சம் நின்றார். பிறகு தன் கேமராவை எடுத்து அக்காவிடம் கொடுத்து, கல்லாவில் இருந்த மனைவியைக் காட்டினார். "இவங்கள எடும்மா, பாக்கலாம்."

அக்கா கேமராவைத் தூக்கினாள். இரண்டடி பின்னால் போனாள். இன்னும் இரண்டடி. கதவு முதுகில் இடித்தது.

"இன்னாம்மா, ரோட்டுக்கே போய்டுவ போலகீது? கிட்ட வா. கடிக்க மாட்டா."

"தெனம் ஒன்னதான கடிக்கறேன், போறாதா?" என்றார் மனைவி. ஸ்டுடியோவில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. நான் இடையில் புகுந்து, "சார், அவங்க மேல தப்பு இல்ல. கேமராதான் கெட்டுப்போயிருந்துச்சு. அவங்க கை சரியில்லன்னு நான்தான் தப்பா சொல்லிட்டேன்" என்றேன்.

"நீ இன்னா வேல பாக்கற?"

"குவாலிட்டி இன்ஸ்பெக்டர்."

"ஓகோ. கொஞ்ச நேரம் சும்மா உக்காரு இன்ஸ்பெக்டர்."

உட்கார்ந்தேன். அக்கா ஓரடி முன்னே வந்தாள், பிறகு இன்னொன்று. கல்லா மேசைக்கு நாலடி தள்ளி நின்று எடுத்தாள். முதலாளி படத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"புதன்கெழம ஒரு வளைகாப்பு கீது. வந்துடு. மொதல்ல வளையல் போடற கை, தட்டு, பூ, இதெல்லாம் எடு. மூஞ்சி நான் சொல்றப்ப எடுத்தா போதும்."

திரும்பும் ஷேர் ஆட்டோவில் ஏறினோம். முதலாளி கை, தட்டு, பூவோடு நிறுத்தியது அக்கா புதியவள் என்பதாலா, கதவுவரை பின்வாங்கியதாலா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரகடம் வருவதற்குள் அவள் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"ஆமாம்மா, வேல கெடச்சிட்டு. நான் வரல. போட்டோ எடுக்க வேலதான். யாரையா? இப்பத்திக்கு கைய."

அந்தப் பக்கம் ஏதோ சத்தமாகக் கேட்டது. அக்கா போனைக் கொஞ்சம் காதிலிருந்து விலக்கிப் பிடித்து, "மூஞ்சிய அப்புறமா எடுக்கச் சொல்லிருக்காவ" என்றாள்.