நாத்தனாரின் கிண்ணம்

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து வீட்டில், சுட்ட ஆப்பிள்மேல் ஹில்டா வைத்த கிரீம் பால்போல் வழிந்தோடியது. அவள் இங்கிலாந்துக்காரி. மகள் குவென் சிரித்தாள். அம்மாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசிச் சமையல் அது.

"உன் அத்தை லொரெட்டா வச்சா மட்டும் மலையாட்டம் நிக்குது."

"அத்தை கிரீமை நுரைக்க அடிச்சு வைக்கிறாங்கம்மா. நீ அடிக்காமலே நிக்கணும்ங்கிற. உங்க ஊர் டபுள் கிரீம்ல கொழுப்பு நூத்துக்கு நாப்பத்தெட்டு. இங்க முப்பத்தாறுதான். கொஞ்சம் மஸ்கார்போன் சீஸ் கலந்தா கெட்டியாகும்."

"சனிக்கிழமை வாங்கிடறேன். போன வாரம் அவ கிரீம் குடுத்தனுப்பின கிண்ணத்தை அவளைவிட நல்லதா நிரப்பித்தான் திருப்பிக் குடுப்பேன்."

வெள்ளிக்கிழமை ஹில்டாவின் மூச்சு நின்றது.

துக்கத்துக்கு வந்த லொரெட்டா, கிளம்பும்போது தன் கிண்ணத்தைக் கேட்டாள்.

"இருக்கட்டும் அத்தை," என்றாள் குவென். "அம்மா இன்னும் நிரப்பலை."