மெதோருக்கு அவித்த முட்டை

எங்கள் வீட்டில் மனிதர்கள் ஐந்து பேர்தான். மற்றவர்கள் எல்லாரும் வாலுள்ளவர்கள். காலாப்பட்டுக்கு மேற்கே, பஸ் போகும் சாலையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, ஒரு முந்திரித் தோப்பும் ஒரு துண்டு மல்லாட்டைக் கொல்லையும் நடுவில் ஓட்டு வீடுமாக எங்கள் இடம் இருந்தது. வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். அப்பாவும் சித்தப்பாவும் காலையிலேயே புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். அம்மா, சித்தி, நான், இரண்டு மாடு, நாலு ஆடு, ஒரு பட்டாளம் கோழி, மெதோர் என்கிற நாய் ஆகியோர் மிஞ்சுவோம். இது போக அழைக்காமல் வருகிறவர்களும் உண்டு. மல்லாட்டையைக் கிளறிப் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் நிற்கும் மயில்கள், கிணற்றடியில் வெயில் காயும் உடும்பு, வேலியோரம் ஓடும் கீரி, குளிக்கும் அறைக்குள் எட்டிப் பார்க்கும் சாரைப்பாம்பு. சாரையைப் பார்த்து நான் அலறினால் அம்மா அசையமாட்டாள். "அது எலி புடிக்க வந்திருக்கு, நீ குளிச்சிட்டு வா" என்பாள்.

மெதோர் டவுன் நாய். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய பெரியவர் ஒருவர், மகனோடு பாரீசுக்குப் போகும்போது அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனது. தமிழில் என்ன கத்தினாலும் காதில் வாங்காது. 'அசி' என்றால் மட்டும் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். பிரெஞ்சில் உட்கார் என்று அர்த்தமாம். எங்களுக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சு அதுதான். அதை வைத்துக்கொண்டே மெதோரை ஆண்டு வந்தோம்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், தவக்காலத்தில் முட்டை காணாமல் போக ஆரம்பித்தது. சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் வரை எங்கள் வீட்டில் யாரும் கறியும் முட்டையும் தொடுவதில்லை. அந்த நாட்களில் கோழி இடும் முட்டை முழுக்க அடைக்குத்தான். அம்மா மாட்டுக் கொட்டகையில் ஒரு தவிட்டுக் கூடையில் சேர்த்து வைத்து, அடை படுக்கும் கோழிக்கு வைப்பாள். ஈஸ்டருக்கு முற்றம் முழுக்கக் குஞ்சுகள் ஓடும். அந்த வருடம் தினம் ஒரு முட்டை குறைந்தது. ஒரே ஒரு முட்டை, அதற்கு மேல் இல்லை. வீட்டு ஆட்கள்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தவக்காலத்தில் முட்டை தின்கிற பாவியை எங்கள் வீட்டில் யாராலும் கற்பனை செய்யக்கூட முடியாது.

பிறகு மெதோர் படுக்கும் வைக்கோல் போருக்குப் பின்னால் முட்டை ஓடு கிடந்தது. போயிற்று.

முட்டை தின்னும் நாய்க்கு எங்கள் பக்கத்தில் ஒரே வைத்தியம்தான். முட்டையைக் கொதிக்கக் கொதிக்க அவித்து, அதன் வாயில் வைத்து, வாயை அழுத்திப் பிடித்துக்கொள்வார்கள். அதன் பிறகு அந்த நாய் ஆயுசுக்கும் முட்டைப் பக்கம் போகாது. ஊரில் எல்லாரும் செய்வதுதான். சித்தப்பா கெட்டவர் இல்லை, ஆனால் ஊர் செய்வதை அவரும் செய்வார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வைப்பது என்று முடிவாயிற்று. நான் அழுதேன், சோறு வேண்டாமென்றேன், ஒன்றும் நடக்கவில்லை. "அப்ப திருடன நீயே புடிச்சிக் குடு, நாயை உட்டுடறேன்" என்று சிரித்தார் சித்தப்பா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிடித்தே தீருவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

என் சந்தேகம் முதலில் கீரிமேல். அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டகை வாசலில் பரப்பினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் மயில் கால், கோழிக் கால், ஆட்டுக் குளம்பு, எல்லாவற்றுக்கும் மேலே அம்மாவின் விளக்குமாறு. மறுநாள் கிணற்றடியில் உட்கார்ந்து உடும்பைக் கண்காணித்தேன். அது என்னைக் கண்காணித்தது. அன்றைக்கும் ஒரு முட்டை போனது. சனிக்கிழமை லீவு. விடிந்ததும் கொட்டகைப் பரணில் ஏறி, காய்ந்த மல்லாட்டைக் கொடிக்குள் படுத்துவிட்டேன். உடம்பெல்லாம் அரித்தது. சொறியாமல் கிடந்தேன்.

பத்து மணி வாக்கில் சித்தி வந்தாள். கூடையிலிருந்து ஒரு முட்டையை எடுத்தாள், தூணில் தட்டினாள், அண்ணாந்து பச்சையாக அப்படியே குடித்துவிட்டாள். ஓட்டைக் கொண்டுபோய் எருக்குழியில் போட்டாள். பின்னாலேயே போன மெதோர் அதைக் கவ்விக்கொண்டு தன் இடத்துக்கு ஓடியது.

முந்தின நாள்தான் சிலுவைப்பாதையில் எல்லாரையும்விட உரக்கப் பாடியவள் என் சித்தி. எனக்கு இரட்டைச் சடை பின்னிவிடுபவள். கணக்கு வராமல் நான் அழுதால் அப்பாவுக்குத் தெரியாமல் போட்டுத் தருபவள். அவள் திரும்பி வந்ததும் பரணிலிருந்து தொப்பென்று குதித்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"யார்கிட்டயும் சொல்லாதடி கண்ணு. மாதா மேல சத்தியம் பண்ணு."

"அப்ப மெதோரு வாயி வெந்துபூடுமே, சித்தி?"

"நான் அவருகிட்ட பேசி நிறுத்திடறேன்."

சத்தியம் செய்தேன். அவளும் பேசித்தான் பார்த்தாள். சித்தப்பா கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைத் துணியை மாற்றுவதற்குள்ளேயே அடுப்பில் சட்டி ஏறிவிட்டது. சித்தப்பா இடுக்கியில் முட்டையைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு வந்து, "அசி" என்றார். மெதோர் சமர்த்தாக உட்கார்ந்து வாலை ஆட்டியது. சாப்பிட ஏதோ தருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டது.

ஓடிப்போய் அதன் வாயை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். அம்மா என்னை இழுத்தாள், நான் விடவில்லை. சத்தியத்தையும் மீற முடியாது, நாயையும் விட முடியாது. மூன்றாவதாக ஒரு வழிதான் இருந்தது.

"நான்தான் தின்னேன். எனக்கு வையி" என்று வாயை 'ஆ' என்று திறந்து காட்டினேன்.

சித்தப்பாவின் கை அப்படியே நின்றுவிட்டது. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு என்னை நோக்கி வந்தார். அப்போது சமையலறை வாசலிலிருந்து சித்தியின் குரல் வந்தது.

"அவள அடிக்காதீங்க மாமா. நான்தான் தின்னேன்."

அடி விழும், சத்தம் வரும் என்று நான் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அம்மா மட்டும் மெதுவாகச் சித்தியிடம் போய், "நாளு தள்ளிப் போயி எத்தினி மாசம் ஆச்சி?" என்று கேட்டாள். சித்தி இரண்டு விரலைக் காட்டினாள். சித்தப்பா இடுக்கியோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா அந்த முட்டையை வாங்கி, ஊதி ஊதி உரித்து, உப்பும் மிளகும் தூவிச் சித்தியின் கையில் கொடுத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாய் தின்றால் வாயைச் சுட வேண்டும், சித்தி தின்றால் மிளகு தூவ வேண்டுமா?

சித்திக்கு அதற்கு முன் இரண்டு முறை கரு தங்கி, தங்கிய வேகத்திலேயே கலைந்தும் போயிருந்தது என்பதை நான் பெரியவளான பிறகுதான் அறிந்தேன். இரண்டு முறையும் ஊர் முழுக்க இனிப்புக் கொடுத்தார்கள். பிறகு இனிப்பு வாங்கியவர்களே துக்கம் விசாரிக்க வந்தார்கள். உடம்பில் ரத்தம் இல்லை, தினம் ஒரு முட்டை சாப்பிடு என்று போன முறையே ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். தவக்காலத்தில் எங்கள் வீட்டில் முட்டை கேட்டால், விஷயத்தைச் சொன்னதற்குச் சமம். இந்த முறை மூன்று மாதம் தாண்டும் வரை புருஷனிடம்கூட மூச்சு விடுவதில்லை என்று அவள் உறுதியாக இருந்திருக்கிறாள். அந்த உறுதியைத்தான் என் பிடிவாதம் உடைத்தது. நல்லவேளை, அந்தக் குழந்தை தங்கியது. என் தங்கை இப்போது கல்லூரியில் படிக்கிறாள்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. சாயங்காலம் சித்தி கொட்டகையில் தனியாக உட்கார்ந்து வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அழுதாள். எனக்குப் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அழாத சித்தி. பாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டா சாமி மன்னிச்சிடும். நானும் கூட வர்றேன்."

அவள் என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். அழுகை கூடியதே தவிர நிற்கவில்லை. இரண்டு டஜன் முட்டைகூட இருக்காது, அதற்குப் போய் ஒருத்தி கடவுளுக்கு இவ்வளவு பயப்படுவாளா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.