ஏகாம்பரம் கட்டம் போட்ட சொனாட்டா

திங்கட்கிழமை இரண்டாவது பீரியடில் நெசவாளர் சங்கத்துப் பியூன் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். நான் ஆறாம் வகுப்புக்குப் பாட்டு நடத்திக்கொண்டிருந்தேன். "டிசைன் போடற ஏகாம்பரம் போயிட்டாரு டீச்சர். காலைல வரைஞ்சிக்கினு இருந்தவரு, அப்டியே பலகை மேல சாஞ்சிட்டாரு" என்றார். நான் "சரி" என்றேன். பிள்ளைகளை விட்ட இடத்திலிருந்து பாடச் சொன்னேன். அவர்கள் பாடி முடித்தபோது நான் அழுதுகொண்டிருந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

சங்கத்து மலரில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஏகாம்பரத்தை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உங்கள் புடவைக் கரைகளில் ஓடும் மாங்காயும் அன்னமும் முதலில் அவருடைய கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக உட்கார்ந்து எழுந்தவைதான். வெள்ளிக்கிழமை பஜனையில் அவர் குழல் ஊதுவதையும் கேட்டிருப்பீர்கள். எனக்கும் அவருக்கும் இருந்த தொடர்பு மட்டும் உங்களில் பலருக்கு வேடிக்கையாகத் தோன்றியிருக்கும். மிஷன் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சரும் டிசைன்காரரும் சேர்ந்து, இருநூறு வருடத்துக்கு முன்னால் ஒரு ஜெர்மன்காரர் எழுதிய, சொனாட்டா என்கிற மூன்று பாக இசையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம்.

அந்தப் புத்தகம் மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளைக்கார நர்ஸ் ஒருவருடையது. குழலுக்கும் ஹார்ப்சிகார்டுக்கும் எழுதியது. ஹார்ப்சிகார்டை நான் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்க ஆர்மோனியக் கட்டை போல இருக்கும், உள்ளே கம்பியை ஒரு சின்ன முள் மீட்டும் என்று நர்ஸம்மா சொல்லியிருக்கிறார். அவர் தன் வெள்ளிக் குழலில் ஊத, நான் பள்ளிக்கூடத்துக் கால்மிதி ஆர்கனில் ஹார்ப்சிகார்டு பாகத்தை வாசிப்பேன். முதல் பாகம் முடிவதற்குள் அவர் ஊருக்குக் கப்பலேறிவிட்டார். அதன் பிறகு நான் தனியாக வாசித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில்தான் ஏகாம்பரம் வந்தார். மகள் மார்க்கைக் கேட்க வந்தவர், ஜன்னலுக்கு வெளியே கால் மணி நேரம் நின்றுவிட்டு, "டீச்சர், உங்களுக்குப் பக்கத்துல ஒருத்தர் இருக்கணுமே, அவரு எங்க?" என்று கேட்டார். பாதிப் பாட்டைக் கேட்டு மறுபாதி இல்லையென்று கண்டுபிடித்த மனிதரை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

மறுநாள் ஏழெட்டு மூங்கில் குழல்களைத் துணியில் கட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்து, ஆர்கன் சுருதியோடு ஒட்டுகிற ஒன்றைப் பொறுக்கி எடுத்தார். மேல்நாட்டு நொட்டேஷன் அவருக்குத் தெரியாது. புத்தகத்தை ஒரு நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அஞ்சு கோட்டு மேல புள்ளிய ஏத்தி எறக்கி வெச்சிருக்கான். இது நம்ம கிராஃப்புதானே டீச்சர்?" என்றார். நான் ஒவ்வொரு புள்ளியின் பெயரையும் அளவையும் சொல்லச் சொல்ல, அவர் கிராஃப் தாளில் நிரப்பினார். குழலுக்குச் சிவப்பு, என் வலது கைக்கு நீலம், இடது கைக்குப் பச்சை. மூன்றே வாரத்தில் என்னைக் கேட்காமலே புத்தகத்தைப் படிக்கத் தொடங்கிவிட்டார்.

நான் கட்டையில் விரலை அழுத்தியபடியே இருப்பேன், ஆர்கன் இழுத்துக்கொண்டே போகும். "முள்ளு மீட்டற கருவின்னு சொன்னீங்களே. விரல சட்டுனு எடுத்துடுங்கம்மா, அப்பதான் குழலுக்கு நிக்க எடம் கெடைக்கும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பத்து வருடமாக ஆர்கன் வாசிக்கிறவளுக்குப் புடவை வரைகிறவர் பாடம் சொல்வதா என்று நினைத்தேன். எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. அதைக்கூட நான் அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்தக் கோடை விடுமுறைக்கு நான் அக்கா வீட்டுக்குப் போனபோது புத்தகத்தை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனேன். ஒரு மாதத்தில் மூன்று பாகத்தையும் கிராஃபில் ஏற்றி, குழல் வரியை மனப்பாடமும் செய்துவிட்டார். ஜூனில் பள்ளி திறந்த வாரம், சங்கத்துச் செயலாளரையும் இரண்டு டீச்சர்களையும் கேட்க அழைத்திருந்தார். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

இரண்டாம் பாகத்தின் பாதி வரை ஒழுங்காகத்தான் போயிற்று. அங்கே தடித்த கோடும் இரண்டு புள்ளியும் இருக்கும். மறுபடி முதலிலிருந்து வாசி என்று அதற்கு அர்த்தம். நான் அதை அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. கரை டிசைன் போடுகிறவர்களுக்குப் பாதி மாங்காய் வரைந்தால் போதும். நடுக்கோட்டிலிருந்து அதுவே திரும்பி வந்து மறுபாதியாகும். ஏகாம்பரம் அந்தக் கோட்டையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார். கடைசிப் புள்ளியிலிருந்து முதல் புள்ளிக்கு, தலைகீழாக, ஒரு பிசகு இல்லாமல் ஊதிக்கொண்டு போனார். என் கை ஒரு பக்கம், அவர் குழல் இன்னொரு பக்கம்.

நான் சிரித்தேன். "என்ன ஏகாம்பரம், சொனாட்டாவுக்கு ஜரிகைக் கரை போட்டுட்டீங்களே! முந்தானை எங்கே?" என்றேன். வந்திருந்த மூவரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். குழலைத் துணியால் துடைத்துப் பையில் வைத்தார். புத்தகத்தை ஆர்கன் மேல் வைத்துவிட்டு, "சங்கத்துல வேலை இருக்குதும்மா, வரேன்" என்று சொல்லிப் போனார். அதன் பிறகு வரவில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டது நான் இல்லையே என்று அப்போது நினைத்தேன். தப்பாக வாசித்தவர் அவர், கோபித்துக்கொண்டு போனவரும் அவர், நான் ஏன் போய்க் கூப்பிட வேண்டும் என்று வீம்பு பிடித்தேன். ஒரு மாதம் வேலை செய்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, மூன்று பேரைக் கூட்டி வந்த மனிதரை அந்த மூன்று பேர் முன்னால் கேலி செய்தது என் கணக்கிலேயே வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து செவிலிமேடு டவுன் பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். அங்கே வீடு மாறிப் போயிருந்தார். எழுந்து எனக்கு இடம் கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். "நல்லா இருக்கீங்களா டீச்சர்?" என்றார். "இருக்கேன்" என்றேன். கொஞ்ச தூரம் போனதும், "அந்தப் புஸ்தகம் இருக்குதா?" என்று கேட்டார். புத்தகம் என் மேஜை மேல்தான் இருந்தது. அன்று காலையிலும் அதை விரித்து வாசித்திருந்தேன். "எங்கேயோ கெடக்கும்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் ஏறிவிட்டது.

அதற்கும் இரண்டு வருடம் கழித்துப் பியூன் வந்து அந்தச் செய்தியைச் சொன்னார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு அவர் மனைவி பர்வதம் என்னை உள்ளே கூப்பிட்டார். பெட்டியிலிருந்து ஒரு சுருளை எடுத்துத் தரையில் விரித்தார். சிவப்பு, நீலம், பச்சை. மூன்று பாகமும் இருந்தன. இரண்டாம் பாகத்தில், திரும்பி வந்த கட்டங்களின் மேல் புதுத் தாள் ஒட்டி, முதலிலிருந்து சரியாக எழுதியிருந்தார். ஓரங்கள் எல்லாம் கை பட்டுப் பழுப்பேறியிருந்தன.

"வேலைக்குப் போறதுக்கு முன்னால தெனம் இதத்தான் ஊதுவாரு. எங்களுக்கே பாடமாயிடுச்சி டீச்சர். ரெண்டு பேரும் சேந்து வாசிச்சா எப்படி இருக்கும்னு கேட்டேன் ஒரு நாளு. டீச்சர் கூப்புடட்டும், ஒரு தப்பு வராம வாசிச்சிக் காட்டறேன்னாரு" என்றார் பர்வதம்.

"எப்போ சொன்னாரு?" என்று கேட்டேன்.

"எப்பவும் சொல்லுவாரு. உங்க மேல வருத்தம் இல்ல அவருக்கு. நாமளே போனா நல்லா இருக்காதுன்னு இருந்துட்டாரு" என்றார். "உங்களுக்கு வேலையா இருந்திருக்கும்" என்று எனக்கு ஒரு சமாதானமும் சொன்னார்.

அந்தச் சுருளை அவர் என்னிடமே கொடுத்துவிட்டார். இப்போது அது என் வீட்டில், புத்தகத்தோடு இருக்கிறது. ஏகாம்பரத்தின் குழல் வரியை ஆர்கனில் தனியாக வாசித்துப் பார்த்தேன். இரண்டையும் சேர்த்து வாசிக்க எனக்கு மூன்றாவது கை வேண்டும். சொனாட்டா முழுதாக எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான்கு வருடம் இருந்தது, ஒரு டவுன் பஸ் தூரத்தில்.

அன்று என்னோடு சிரித்த மூவரும் இதைப் படிப்பீர்கள். உங்கள் மேல் குற்றமில்லை, சிரிக்க வைத்தது நான். அந்தக் கோட்டுக்கு அர்த்தம் சொல்லிக்கொடுக்காமல் போனதும் நான்தான். இதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததால் அவரை அறிந்த உங்கள் எல்லோரிடமும் சொல்கிறேன். ஏகாம்பரம், நீங்கள் நன்றாகத்தான் வாசித்தீர்கள். என்னை மன்னித்துவிடுங்கள்.