ஆனைக்குட்டத்துக் கெண்டை

தஸ்லிமா சிவகாசியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆசிரியை. கணவர் நிஜாமுக்கு பஜாரில் ஜவுளிக்கடை. ஆனைக்குட்டம் அணையின் நண்டுகளைப் பற்றி அவள் எழுதிய முதல் கட்டுரை ஓர் அச்சு ஆய்விதழில் வந்தது. அந்த இதழை வாங்க அவளுடைய கல்லூரிக்கே வசதியில்லை. யாரும் படித்ததாகத் தகவல் இல்லை.

2007இல், அணையின் மீன்களைப் பற்றிய கட்டுரையை இணையத்தில் மட்டும் வெளிவரும் இதழுக்கு அனுப்பினாள். யாரும் சந்தா இல்லாமல் படிக்கலாம். அப்படிப்பட்ட இதழ்கள் அப்போது பெருகிக்கொண்டிருந்தன. துறைத்தலைவி லட்சுமிகாந்தத்துக்கு அவற்றின் மேல் நம்பிக்கையில்லை.

"ஓசியில கிடைக்கிறத எவன் மதிப்பான்?" என்றார்.

கட்டுரை வந்த சில நாட்களில் இலங்கை ஆய்வாளர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல். படத்தில் இருக்கும் கெண்டை நீங்கள் சொல்லும் இனமல்ல, வாயோரத்து மீசையைப் பாருங்கள் என்று பணிவாக எழுதியிருந்தார்.

தஸ்லிமா ஆய்வகத்தில் அந்த மீனைப் போட்டு வைத்திருந்த பாட்டிலைத் திறந்து லென்ஸ் வைத்துப் பார்த்தாள். அவள் எழுதிய இனத்துக்கு இரண்டு ஜோடி மீசை வேண்டும். இதற்கு ஒன்றுதான். மனம் கேட்காமல் ஆனைக்குட்டத்துக்கு பஸ் ஏறினாள். மீன் பிடிக்கும் ஊர்க்காவலன் கூடையைச் சாய்த்தார்.

"என்ன டீச்சர், கொளம்பு வைக்கவா?"

"பாடத்துக்குண்ணே."

கூடையில் கிடந்த கெண்டை எல்லாவற்றுக்கும் ஒரு ஜோடி மீசைதான்.

லட்சுமிகாந்தம், "பேசாம விட்டுரும்மா. யாரு வந்து கேக்கப் போறா?" என்றார்.

வீட்டில் நிஜாமும் அதையே சொன்னார். "ஊரே பாக்க நாம தப்புன்னு ஒத்துக்கணுமா?"

"எல்லாரும் படிக்கணும்னுதானே அங்கன போட்டேன். படிச்சவுக சொல்றாகள்ல" என்றாள் தஸ்லிமா. சொல்லிவிட்டாளே தவிர, அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

திருத்தத்தை எழுதி அனுப்பினாள். கட்டுரையின் கீழேயே அதுவும் வெளிவந்தது. ஒரு வாரம் ஆசிரியர் அறையில் யார் சிரித்தாலும் தன்னைத்தான் என்று பட்டது. அப்புறம் அந்த நினைப்பும் போய்விட்டது.

இலங்கைக்காரர் மறுபடி எழுதினார். மற்ற அணைகளிலும் இந்தக் கெண்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், சேர்ந்து செய்யலாமா என்று கேட்டிருந்தார். அடுத்த மழைக்காலம் முழுக்கத் தஸ்லிமா விடுமுறை நாட்களில் ஒவ்வொரு அணையாகப் போனாள். பல நாள் நிஜாம்தான் பைக்கில் கொண்டுபோய் விட்டார். அவளும் இலங்கைக்காரரும் சேர்ந்து எழுதிய கட்டுரையும் இலவச இதழில்தான் வெளியானது. லட்சுமிகாந்தம் அதை அச்செடுத்துத் துறைப் பலகையில் ஒட்டச் சொன்னார்.