எழுநூற்றைம்பது மில்லி

பீர் எந்தெந்த அளவில் வருகிறது என்று என்னைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். சிறு ஆலைகளில் காய்ச்சும் கிராஃப்ட் பீரைக் கடைகளுக்கு அனுப்பும் ஒரு கிடங்கில் பதினேழு வருடமாக ஸ்டோர்மேனாக இருக்கிறேன். டின் என்றால் முந்நூற்று முப்பது, முந்நூற்று எழுபத்தைந்து, நானூற்று நாற்பது, ஐந்நூறு. பாட்டில் என்றால் முந்நூற்று முப்பது, அப்புறம் கார்க் அடைத்துக் கம்பி கட்டிய எழுநூற்றைம்பது. நான் படித்தது தொடக்கநிலை ஆறு வரைக்கும்தான். லேபிளில் இருக்கும் ஆங்கிலம் முழுக்க வாசிக்க வராது. எண்ணும் படமும் நிறமும் தெரிந்தால் போதும், வேலை நடந்துவிடும்.

அலுவலகத்தில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு முந்நூற்று முப்பதுதான் பிடிக்கும். ஒரே மாலையில் மூன்று வகை ருசி பார்த்துவிடலாம். ஒரு வகையில் மனசு நின்றுவிட்டவர்கள் நானூற்று நாற்பது எடுப்பார்கள். பீரும் விற்கும் காப்பிக்கடையில் உட்காரும் ஆட்களுக்கு இதெல்லாம் ஒத்துவராது. நடுவில் ஒரு பெரிய பாட்டில் நிற்கவேண்டும், கோப்பையில் ஐஸ் போட்டுப் பங்கு போட்டுக் குடிக்க வேண்டும். எங்கள் லோரி டிரைவரிடம் ஒருமுறை சின்ன டின் ஒன்றைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது பீரா, இருமல் மருந்தா?” என்று கேட்டார்.

நானும் பெரிய பாட்டில் கட்சிதான். ஆனால் காரணம் வேறு. எனக்குக் கூச்சம் அதிகம், நாலு பேர் மத்தியில் பேச்சு வராது. நடுவில் பாட்டில் இருந்தால் கைக்கு வேலை இருக்கும். எதிரில் இருப்பவர் கோப்பையில் குறைந்தால் ஊற்றலாம். நுரை அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கலாம். ஏன் பேசவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டாவது கோப்பையில் எனக்கே ஏதாவது சொல்லத் தோன்றும். ஆளுக்கொரு டின் என்றால் அந்த நேரம் கிடைக்காது. குடித்து முடித்ததும் எழுந்துவிடுவார்கள்.

என் மகள் கல்யாணம் இந்த அளவு விஷயத்தில் வந்து மாட்டிக்கொள்ளும் என்று நான் நினைத்ததே இல்லை.

மகள் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறாள். அவளே பார்த்து முடிவு செய்த பையன், நல்ல பையன். அவனுடைய அப்பா உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். குவீன்ஸ்டவுனில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு முதன்முதலாகப் போனபோது, என் மனைவி தன் அண்ணனையும் கூட்டிக்கொண்டாள். எனக்குப் பதிலாகப் பேச ஓர் ஆள் வேண்டுமாம். மச்சான் தேவைக்கு மேலேயே பேசினார்.

“நீங்க என்ன பண்றீங்க?” என்று ஆசிரியர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் முந்திக்கொண்டார்.

“அவர் வேர்ஹவுஸ் மேனேஜர் சார். எல்லாம் அவர் கன்ட்ரோல்தான். அந்தக் காலத்துலயே செகண்டரி ஸ்கூல் முடிச்சு ஓ லெவல் பாஸ். இப்ப உள்ள டிகிரிகூட பக்கத்துல வராது லா.”

நான் கையில் இருந்த தேநீரைப் பார்த்தேன். இல்லை என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. ஒரு வாய் குடித்து, இரண்டாவது வாய் குடித்து, சொல்லலாம் என்று நிமிர்ந்தபோது முறுக்குத் தட்டு வந்துவிட்டது. பேச்சு நிச்சயதார்த்தத் தேதிக்குப் போய்விட்டது. காத்தோங் கோயிலில், ஐந்து வாரத்தில்.

ரயிலில் திரும்பும்போது மனைவி அண்ணனைத் திட்டினாள்.

“பொண்ணு வீடு. ஒரு மரியாதைக்குச் சொன்னேன்” என்றார் மச்சான். “யாரு வந்து சர்டிஃபிகேட் கேக்கப்போறா?”

வீட்டுக்கு வந்ததும் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அப்பா, அங்கயே அப்படி இல்லன்னு சொல்லணும்னுதான் நெனச்சேன். மாமாவ எல்லாரு முன்னாடியும் எப்படி? ஆனா நிச்சயத்துக்கு முன்னாடி சொல்லிடணும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?”

“மாப்பிள்ளைக்குத் தெரியுமா?”

“அவருக்கு மொதல்லேர்ந்தே தெரியும். அவங்க அப்பாகிட்ட நீங்க சொன்னாத்தான் நல்லாருக்கும்.”

நான் சொல்கிறேன் என்றேன். மூன்று வாரம் ஓடியது. சாப்பாடு இறங்கவில்லை. கல்யாணம் முடிந்தபிறகு யாராவது சொல்லி அவருக்குத் தெரியவந்தால், போகிற வீட்டில் என் மகள் பொய்க்காரன் மகளாக இருப்பாள். அதை நினைத்து ஒருநாள் கிடங்கிலிருந்தே அவருக்குப் போன் போட்டேன்.

“சார், ஒரு நாள் உங்களைப் பாக்கணும்.”

“வாங்களேன், ஒரு பீர் சாப்பிடுவோம். நீங்கதான் அந்த லைன்ல இருக்கீங்களே, எடத்தை நீங்களே சொல்லுங்க.”

இங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். கிராஃப்ட் பீர் விற்கும் கடைகளில் சுவரில் இருபது பீர்ப் பெயர்கள் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். ஓர் ஆசிரியர் முன்னால் நின்று அதை நான் வாசிக்க முடியாது. அதனால் தேக்கா சந்தையிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஓர் உணவங்காடி நிலையத்தில் இருக்கும் பீர்க் கடையைச் சொன்னேன். அந்தக் கடைக்கு எங்கள் கிடங்கிலிருந்துதான் சரக்குப் போகிறது. லோரியில் போய் நானே குளிர்பெட்டியில் அடுக்குவேன். எந்தத் தட்டில் எது நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எனக்குக் குளிர்பெட்டி தெரியும் என்று நினைத்தேனே தவிர, கடைக்காரருக்கு என்னைத் தெரியும் என்பது நினைவுக்கு வரவில்லை.

என்ன வாங்குவது என்று முன்பே முடிவு செய்திருந்தேன். எழுநூற்றைம்பது. சின்னக் கோப்பையில் ஊற்றினால் ஆளுக்கு இரண்டு, இரண்டரை வரும். முதல் கோப்பைக்கு வெயில், ரயில், சாப்பாடு. இரண்டாவது கோப்பையில் விஷயம்.

புதன்கிழமை சாயங்காலம், தீபாவளிக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். அவர் எனக்கு முன்பே வந்து மேசை பிடித்து உட்கார்ந்திருந்தார். நான் குளிர்பெட்டிப் பக்கம் திரும்பியதும் கையைத் தூக்கினார்.

“எனக்குச் சின்ன டின் ஒண்ணு போதும். வீட்டுல பெர்மிஷன் அவ்வளவுதான்.”

முந்நூற்று முப்பதில் இரண்டு எடுத்துக்கொண்டு வந்தேன். நல்லவேளை, கடைக்காரர் அப்போது பின்பக்கம் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்.

வெயிலைப் பற்றிப் பேசினோம். பேசினோம் என்றால், அவர் பேசினார். பக்கத்துக் கடை பிரியாணி எப்படி என்று கேட்டார். நல்லாயிருக்கும் என்றேன். டின்னில் இன்னொரு தொல்லை, உள்ளே எவ்வளவு மிச்சம் என்று வெளியே தெரியாது. பாட்டிலாக இருந்தால் எனக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். அவர் டின்னை மேசையில் வைக்கும் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நாலாவது தடவை அது வெறும் டின் சத்தமாகக் கேட்டது.

“ஏதோ பாக்கணும்னு சொன்னீங்களே?”

“ஒண்ணுமில்ல சார். சும்மாதான்.”

அவர் நாற்காலியில் மாட்டியிருந்த குடையை எடுத்தார்.

“ஒரு நிமிஷம் சார். இன்னொண்ணு எடுத்துட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுக் குளிர்பெட்டிக்குப் போனேன். கீழ்த்தட்டில் கை விட்டு எழுநூற்றைம்பதை எடுத்து நிமிர்ந்தால், கடைக்காரர் எதிரில் நிற்கிறார்.

“அண்ணே!” என்றார். அவர் சீனர். தமிழில் அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு சொல்தான். மற்றதெல்லாம் ஆங்கிலமும் மலாயும் கலந்து, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். இந்தப் பெரிய பாட்டில் நாலு மாதமாக நிற்கிறது, ஒருத்தரும் வாங்குவதில்லை. நீதானே கொண்டுவந்து அடுக்கினாய், நாளைக்கு லோரி வரும்போது நீயே திருப்பி எடுத்துக்கொண்டு போ. உங்கள் மேனேஜரிடம் சொன்னால், ஸ்டோர்மேனிடம் சொல் என்கிறார்.

திரும்பினேன். இன்னொன்று வேண்டாம் என்று சொல்ல, ஆசிரியர் குடையும் கையுமாக எழுந்து வந்து எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

மச்சானாக இருந்தால் அங்கேயே இன்னொரு கதை கட்டியிருப்பார். எனக்கு அந்தத் திறமை இல்லை. பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

“சார், நான் மேனேஜர் இல்ல. ஸ்டோர்மேன். ஓ லெவலும் இல்ல. பிரைமரி சிக்ஸோட நின்னுட்டேன். அன்னைக்கு மச்சான் சொன்னது பொய். நான் அப்பவே சொல்லியிருக்கணும், வாய் வரல. என் பொண்ணு எதுவும் பொய் சொல்லல சார். உங்ககிட்ட சொல்லிடுங்கன்னுதான் சொல்லிக்கிட்டே இருக்கா.”

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். யாரும் பேசாமல் இருப்பது எனக்குப் பிடித்த விஷயம். அன்றைக்குப் பிடிக்கவில்லை.

“பையனுக்குத் தெரியுமா?”

“தெரியும் சார்.”

“அதான் அன்னைக்கு முறுக்கை வாயில வெச்சுக்கிட்டுக் கடிக்காம முழிச்சான்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “கோவம் இல்லேன்னு சொல்லமாட்டேன். முப்பது வருஷம் பசங்களோட லீவ் லெட்டர் படிச்சவன் நான். ஒரு பொய் என்கிட்ட தப்பினதில்ல. உங்க மச்சான் தப்பிச்சிட்டாரே.”

“மன்னிச்சிடுங்க சார்.”

“ஸ்டோர்மேன்னா என்ன, மேனேஜர்னா என்ன. பொண்ணக் கட்டப்போறது என் பையன், வேர்ஹவுஸை இல்ல. ஆனா ஒண்ணு. நிச்சயத்தன்னைக்கு உங்க மச்சானை மைக் பக்கம் விடாதீங்க.”

“விடமாட்டேன் சார்.”

“சார் வேணாம். ஸ்கூல்ல கேட்டதே போதும்.” பாட்டிலைக் காட்டினார். “இது எவ்வளவு?”

“எழுநூத்தம்பது மில்லி. கொஞ்சம் ஸ்ட்ராங்கு.”

அவர் மேசைக்குத் திரும்பி, குடையை மறுபடி நாற்காலியில் மாட்டினார். “எங்க வீட்டுக்காரம்மா அன்னைக்கே சொந்தக்காரங்களுக்கெல்லாம் போன் போட்டு, மேனேஜர் வீட்டுப் பொண்ணுன்னு சொல்லிட்டாங்க. அவங்ககிட்ட எப்படி ஆரம்பிக்கிறதுன்னு நான் யோசிக்கணும். தெறங்க அதை.”

இரண்டு கோப்பை எடுத்து வந்து, கம்பியைப் பிரித்து, துணியைச் சுற்றி, கார்க்கைச் சத்தமில்லாமல் எடுத்தேன். அது எனக்கு நன்றாக வரும். கறுப்பாக, பழுப்பு நுரையோடு கோப்பையில் இறங்கியது. ஒரு வாய் குடித்துவிட்டு அவர் முகத்தைச் சுளித்தார்.

“என்ன இது, புளிச்ச கஞ்சி மாதிரி?”

“இது அப்படித்தான் இருக்கும். அதான் யாரும் வாங்கல.”

அப்போதுதான் அவர் முதல் தடவையாகச் சிரித்தார். இருந்தாலும் நாங்கள் விடவில்லை. அவர் கோப்பை குறையக் குறைய ஊற்றினேன். எந்த அளவை யார் வாங்குகிறார்கள் என்று கேட்டார். சொன்னேன். இருமல் மருந்துக் கதையையும் சொன்னேன். பாட்டில் காலியானபோதுதான் அவ்வளவு நேரமும் நான்தான் பேசிக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது.

“சொல்லிட்டேன்” என்றார்.

“என்ன சொன்னாங்க?”

“மொதல்ல டிவியை அணைச்சாங்க. அப்புறம், பொண்ணு நல்ல பொண்ணு, அது மாறிடப்போகுதான்னாங்க. அதோட விட்டாங்களா? ரெண்டு பேரும் எவ்வளவு குடிச்சீங்கன்னு ஒரு கேள்வி.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஆளுக்கு ஒரு சின்ன டின். அப்புறம் ஒரே ஒரு பாட்டில், அதையும் பங்கு போட்டுக்கிட்டோம்னு சொன்னேன்.” குரலைத் தாழ்த்தினார். “அளவு சொல்லல.”

போனை வைத்தபிறகும் சிரித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “என்னங்க, தனியா சிரிக்கிறீங்க?” என்றாள். பசிக்கிறது, சோறு போடு என்றேன். மூன்று வாரத்தில் நான் அப்படிக் கேட்டது அன்றைக்குத்தான்.